அறுவடை முடிந்த வயலில் பறவைகள் செய்யும் விந்தை

கதிர் களத்துக்குப் போய்விட்டது. வைக்கோலும் போர் ஏறிவிட்டது. இனி வயலில் என்ன வேலை என்று நாம் வரப்பை விட்டுக் கிளம்பி விடுகிறோம். ஆனால் நாம் கிளம்பிய பிறகுதான் பறவைகளுக்கு அங்கே வேலை தொடங்குகிறது. பயிர் மறைத்து வைத்திருந்த புழு, பூச்சி, எலி, சிந்திய மணி எல்லாம் அறுவடைக்குப் பின் வெட்டவெளிக்கு வந்து விடுகின்றன. மாசி முதல் ஆனி வரை வயலில் நின்று பார்ப்பவர்கள் சில விநோதமான காட்சிகளைக் காணலாம். கொக்கு டிராக்டரைத் துரத்துகிறது. கரிச்சான் தீயை நோக்கிப் பறக்கிறது. கருவேல முள்ளில் வெட்டுக்கிளி குத்திக் கிடக்கிறது. ஆள்காட்டி வெறுந்தரையில் அடைகாப்பது போல் உட்கார்ந்து நம்மை ஏமாற்றுகிறது.

இவை பொழுதுபோக்குக்காக நடப்பவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பறவை இப்படி நடந்து கொள்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்காகத்தான். ஒன்று இரை, மற்றது முட்டையும் குஞ்சும். எது எதற்காக என்று தெரிந்து கொண்டால், அடுத்த பயிருக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். தெரியாமல் போனால், நமக்காகக் கூலியில்லாமல் உழைப்பவர்களை நாமே கொன்று விடுவோம். ஒவ்வொரு காட்சியாகப் பார்ப்போம்.

ஏருக்குப் பின்னால் ஊர்வலம்

மேயும் மாட்டின் காலடியிலேயே நடக்கும் உண்ணிக்கொக்கை எல்லோரும் அறிவோம். மாட்டின் மேலுள்ள உண்ணியைப் பொறுக்கத்தான் அது வருகிறது என்று நினைக்கிறோம். உண்ணி அதற்கு ஊறுகாய் போலத்தான். மாடு காலை எடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து துள்ளும் வெட்டுக்கிளி, தத்துக்கிளி, வண்டு, சிறு தவளை ஆகியவையே அதன் சாப்பாடு. தனியாக இரை தேடும் கொக்கை விட, மாட்டோடு நடக்கும் கொக்கு மூன்றரை மடங்குக்கும் மேலாக இரை பிடிப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் போனாலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கிறது. ஆனால் டிராக்டர் மாட்டைப் போல் நின்று நின்று போகாது. ஆகவே கொக்கு கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. ரோட்டவேட்டர் ஓடும் வயலில் கொக்குகள் அரை ஓட்டமாக ஓடி வருவதன் காரணம் இதுதான்.

கொக்கோடு மைனாவும், கரிச்சானும், காக்கையும் சேர்ந்து கொள்ளும். இரட்டைவால் குருவி என்று சொல்லப்படும் கரிச்சான் தரையில் அதிகம் நடக்காது. வைக்கோல் போர், மின்கம்பி, மாட்டின் முதுகு என்று உயரமான இடத்தில் உட்கார்ந்து, பூச்சி எழும்பியதும் பாய்ந்து பிடித்துவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்து சேரும். மற்ற பறவைகளுக்கு முன்பே விடியலில் எழுந்து, அவை அடைந்த பிறகும் அந்தி மங்கும் வரை பூச்சி பிடிப்பது அதன் வழக்கம்.

இதில் உழவருக்கு என்ன லாபம்? நெல் தாளில் தண்டு துளைப்பானின் புழுவும் கூட்டுப்புழுவும் தங்கியிருக்கும். மானாவாரி நிலக்கடலை நிலத்தில் சிவப்புக் கம்பளிப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். கோடை உழவு இவற்றைப் புரட்டி மேலே போடுகிறது. பாதியை வெயில் கொன்றால் மீதியைப் பறவை கொத்துகிறது. எனவே உழவைக் காலை நேரத்தில் வைத்துக் கொள்வது நல்லது. உச்சி வெயிலில் உழுதால் பறவைகள் நிழலுக்குப் போய்விடும். பத்துக் கொக்கு பின்னால் வந்தால், நிலத்தில் புழு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எந்தப் பாத்தியில் கொக்கு அதிகமாகக் கொத்துகிறது என்று குறித்து வைத்துக் கொண்டு, அடுத்த பயிரில் அந்த இடத்தை முதலில் கவனியுங்கள்.

தீயை நாடும் கரிச்சான்

தாளுக்குத் தீ வைத்தால் மற்ற உயிர்கள் ஓடும். கரிச்சானும், உண்ணிக்கொக்கும், பருந்தும் தீயை நோக்கி வரும். புகைக்குள்ளேயே புகுந்து புறப்படும். பறவைக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று தோன்றும். தீக்கு முன்னால் தப்பி ஓடும் பூச்சிகளையும் ஓணான்களையும் எலிக்குஞ்சுகளையும் பிடிக்கத்தான் அவை வருகின்றன.

இதைக் கண்டு, தீ வைப்பது பறவைக்கு நல்லது என்று எண்ணக் கூடாது. அது ஒருநாள் விருந்து. மறுநாள் அந்த வயலில் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் இல்லை, தரைவண்டும் இல்லை, மண்ணுக்குப் போக வேண்டிய தழைச்சத்தும் இல்லை. தரையில் கூடு கட்டிய பறவையின் முட்டையும் வெந்து போயிருக்கும். இயந்திர அறுவடையில் வைக்கோல் சிதறிக் கிடப்பதால் கொளுத்தத் தோன்றுவது இயல்பு. கட்டும் இயந்திரம் கிடைத்தால் கட்டி எடுங்கள். கிடைக்காவிட்டால் மடக்கி உழுது விடுங்கள்.

முள்ளில் குத்திய வெட்டுக்கிளி

வேலியில் உள்ள கருவேல முள்ளில் வெட்டுக்கிளி, ஓணான் குட்டி, சில சமயம் சுண்டெலி கூட வரிசையாகக் குத்தப்பட்டிருப்பதைப் பார்த்து, யாரோ செய்வினை வைத்து விட்டார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. இந்த வேலையைச் செய்வது கீச்சான் என்னும் சிறு பறவை. குருவியை விடச் சற்றுப் பெரியது. கண் மீது திருடன் கட்டிய துணி போல் கறுப்புப் பட்டை இருக்கும். மூக்கின் நுனி பருந்துக்கு இருப்பது போல் வளைந்திருக்கும்.

பருந்துக்கு இரையைப் பிடித்துக் கிழிக்கக் கால் நகம் உண்டு. கீச்சானின் காலுக்கு அவ்வளவு வலு இல்லை. ஆகவே இரையை முள்ளில் மாட்டிவிட்டு மூக்கால் கிழித்துத் தின்கிறது. இரை அதிகமாகக் கிடைக்கும் நாளில் தின்றது போக மீதியை அப்படியே விட்டு வைத்து, பிறகு வந்து எடுத்துக் கொள்ளும். முள்தான் அதற்குக் கத்தியும், உறியும். வேலியில் இப்படிக் கண்டால் கலைக்க வேண்டாம். பூச்சி மிகுந்த நிலத்தில் ஒரு வேலைக்காரன் இருக்கிறான் என்று அறிந்து கொள்ளுங்கள்.

உருண்டு வரும் கூட்டம்

கரிசல் காட்டில் சோளம், கம்பு அறுத்த நிலத்தில், இளஞ்சிவப்பு உடலும் கறுப்புத் தலையும் கொண்ட குருவிகள் பெருங்கூட்டமாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சூறைக்குருவி, சோளக்குருவி என்று ஊருக்கு ஒரு பெயர். மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்து, நம் பக்கம் குளிர்காலம் கழிக்க வந்து, சித்திரை வாக்கில் திரும்பும் பறவை இது. கூட்டம் நிலத்தில் நகர்வது ஒரு பாயைச் சுருட்டுவது போலிருக்கும். பின்வரிசையில் இருப்பவை எழுந்து, முன்வரிசையைத் தாண்டிப் போய் இறங்கும். முன்பு முன்னால் இருந்தவை இப்போது பின்னால் ஆகி, அவையும் எழும். யாருக்கும் காலடி படாத புதுத்தரை கிடைக்க வேண்டும் என்பதற்கான முறை இது.

மணி முற்றிய சோளத்தில் இது நஷ்டம் செய்யும் என்பது உண்மை. ஆனால் அறுவடைக்குப் பிறகு அதை விரட்டுவது வீண் வேலை. வெட்டுக்கிளியைத் தின்பதில் இதற்கு இணை கிடையாது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் இந்தப் பறவை கூடு வைப்பதற்கென்றே கற்குவியல் அமைத்துக் கொடுத்து வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

பொய்யாக அடைகாக்கும் ஆள்காட்டி

இதுவரை சொன்னவை இரைக்காக நடப்பவை. இனிச் சொல்வது முட்டைக்காக நடப்பது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. அறுவடை செய்து காய்ந்த வயல், கட்டாந்தரை, ஏரி உட்பகுதி ஆகிய இடங்களில் தரையைச் சற்றுப் பள்ளமாக்கி, ஓரத்தில் சிறு கல்லும் ஆட்டுப் புழுக்கையும் அடுக்கி, மூன்று அல்லது நான்கு முட்டை இடும். முட்டை மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும். கூர்மையான முனைகள் உள்நோக்கி இருக்கும். இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. பங்குனி முதல் ஆவணி வரை இதற்கு முட்டையிடும் பருவம். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். பொரிக்க ஏறக்குறைய 28 முதல் 30 நாள் ஆகும்.

இந்த ஒரு மாதமும் அது செய்யும் தந்திரங்கள் பல. ஆள் வருவதைத் தூரத்திலேயே கண்டால், சத்தமில்லாமல் எழுந்து தலையைத் தாழ்த்திக் கொண்டு வெகுதூரம் நடந்து போய், அங்கிருந்து கத்தத் தொடங்கும். நாம் கத்தும் இடத்தில் முட்டையைத் தேடுவோம். வேறு சமயம், முட்டையே இல்லாத இடத்தில் இறகை ஒதுக்கி, அடைகாப்பது போல் அமர்ந்து காட்டும். முட்டைக்கு மிக அருகில் போனால் கத்திக் கொண்டே தலைக்கு நேராகப் பாய்ந்து கடைசி நொடியில் விலகும். ஆடு மாடு மேய்ந்து கொண்டு வந்தால் ஓடாது. முட்டைக்கு முன்னால் நின்று இறக்கையை விரித்துக் காட்டும். அவ்வளவு பெரிய மாடும் அதைக் கண்டு ஒதுங்கிப் போவதைப் பார்க்கலாம். இதன் உறவான உப்புக்கொத்தி, இறகு ஒடிந்தது போல் தரையில் இழுத்துக் கொண்டே ஓடி நம்மைத் தூரத்துக்கு அழைத்துப் போய்விட்டு, பிறகு சட்டென்று பறந்து விடும்.

இன்னொரு காட்சி இதைவிட வியப்பானது. கோடை வெயிலில் திறந்த வெளியில் கிடக்கும் முட்டை வெந்து போகாதா? ஆள்காட்டி வாய்க்காலுக்கோ குட்டைக்கோ போய் வயிற்று இறகை நனைத்துக் கொண்டு வந்து, ஈர வயிற்றோடு முட்டை மேல் உட்காரும். நாம் பானைக்கு ஈரத்துணி சுற்றுவதைப் போன்றது இது. பகல் வெயிலில் முட்டைக்குப் பக்கத்தில் நாம் அதிக நேரம் நின்றால், தாய் திரும்ப முடியாமல் முட்டை கெட்டுப் போகும் என்பதை இதிலிருந்து உணர வேண்டும்.

இங்கேதான் நமக்கும் அதற்கும் ஒரு சிக்கல். சித்திரையில் நல்லேர் பூட்டும் நாளும், கோடை மழைக்குப் பின் உழும் நாளும் ஆள்காட்டி அடைகாக்கும் நாள்களே. கலப்பை காலத்தில் உழவன் நடந்து போனான். குருவி எழும்பினால் நின்று பார்த்தான். டிராக்டரின் இருக்கையிலிருந்து முட்டை தெரிவதில்லை.

இதற்குப் பெரிய செலவில்லை. உழவுக்கு முதல்நாள் மாலை வயலைச் சுற்றி நடந்து பாருங்கள். ஆள்காட்டி விடாமல் கத்தினால், சற்றுத் தள்ளிப் போய் வரப்பில் அசையாமல் உட்காருங்கள். சிறிது நேரத்தில் அது தானாகத் திரும்பிப் போய் உண்மையான முட்டை மேல் உட்காரும். அந்த இடத்தை அடையாளம் வைத்துக் கொண்டு, ஓட்டுபவரிடம் சொல்லி, சுற்றிலும் நான்கைந்து முழம் விட்டு உழச் சொல்லுங்கள். அடையாளக் குச்சியை முட்டைக்குப் பக்கத்திலேயே நடாதீர்கள். காக்கை அந்தக் குச்சியில் வந்து உட்கார்ந்து முட்டையைக் கண்டு கொள்ளும். பத்து அடி தள்ளி இருபுறமும் இரண்டு குச்சி நட்டு, நடுவில் என்று சொல்லிக் கொடுத்தால் போதும். குஞ்சு பொரித்ததும் சீக்கிரமே தாயோடு நடந்து போய்விடும். விட்ட துண்டைப் பிறகு உழுது கொள்ளலாம்.

அரை சென்ட் கூட வராத அந்த இடத்துக்கு என்ன பலன் என்று கேட்கலாம். ஆள்காட்டி வண்டு, கறையான், எறும்பு, புழு ஆகியவற்றைத் தரையிலிருந்து பொறுக்கித் தின்கிறது. நிலவு வெளிச்சத்தில் இரவிலும் மேய்கிறது. இரவில் களத்துப் பக்கம் ஆள் நடமாடினால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். பெயரே ஆள்காட்டி அல்லவா?

இரவில் வரும் கூகை: நான் செய்த பிழை

வெள்ளை முகமும் பெரிய கறுத்த கண்ணும் உடைய கூகையைச் சாக்குருவி என்று சொல்லிக் கல்லால் அடிக்கிறோம். அறுவடை முடிந்த வயலில் அது ஒரு கழியின் மேல் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்து, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் சாய்ப்பதைப் பார்த்தால் அச்சமாகத்தான் இருக்கும். அது பார்க்கவில்லை, கேட்கிறது. கூகையின் இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. வைக்கோலுக்குள் எலி நகரும் ஒலி இரு காதிலும் சிறிது வேறுபட்டு விழுவதால், எலி இருக்கும் இடத்தை இருட்டிலேயே கணித்துப் பாய்கிறது.

எலியை முழுதாக விழுங்கிவிட்டு, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கூகை தங்கும் பனைமரம், பாழடைந்த கட்டடம் ஆகியவற்றின் அடியில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். ஒன்றை நீரில் ஊறவைத்து உதிர்த்துப் பாருங்கள். எலியின் மண்டை ஓடும், பல்லும் தனித்தனியே வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

இதை எழுதும் நானும் ஒரு காலத்தில் பிழை செய்தவன். சம்பா அறுத்து, உளுந்து நின்ற வயல். எலித் தொல்லை தாங்காமல், மெதுவாகக் கொல்லும் விஷத்தை அரிசிக் குருணையில் பிசைந்து வரப்பு நெடுகத் தூவினேன். பக்கத்து வயல்காரர், "தம்பி, வளைக்குள்ள வைக்காம இப்படித் தூவுறியே" என்று சொன்னார். கேட்கவில்லை. முதலில் புறாக்கள் செத்தன. ஒரு வாரம் கழித்துப் பனைமரத்தடியில் கூகை ஒன்று செத்துக் கிடந்தது. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அப்படிப்பட்ட எலிதான் கூகைக்கு எளிதாக அகப்படும். விஷம் எலியிலிருந்து கூகைக்குப் போகிறது. அடுத்த ஆண்டு எலி முன்னைவிட அதிகமாக வந்தது. கூகை செத்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பனைமரம் மூன்று ஆண்டு காலியாகவே நின்றது. இரவில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மேலே பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் நெல் வயல்களிலும் கூகை தங்குவதற்குப் பெட்டி செய்து கம்பத்தில் வைக்கிறார்கள். நாம் பெட்டி வைக்காவிட்டாலும் விஷம் வைக்காமல் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

1. பறவை இருக்கை: நெல் தரிசு உளுந்து, பயறு வயலில் ஏக்கருக்கு 20 இடங்களில் குறுக்குக் கட்டை வைத்த கழியோ, தலைகீழாக நட்ட தென்னை மட்டையோ வையுங்கள். பகலில் கரிச்சான், இரவில் கூகை உட்காரும். கழி பயிரை விட உயரமாக இருக்க வேண்டும். சோளம், கம்பு, சூரியகாந்தி போன்ற பயிர்களில் மணி பிடிக்கத் தொடங்கியதும் இருக்கைகளை எடுத்து விடுங்கள். இல்லாவிட்டால் மணி தின்னும் பறவைக்கும் அதுவே வசதியாகிவிடும்.

2. எலி: அறுவடை முடிந்த உடனே வரப்பைச் செதுக்கிச் சிறிதாக்கி, வளையை வெட்டி எலியைப் பிடியுங்கள். தஞ்சாவூர் கிட்டியைப் பயன்படுத்துங்கள். விஷம் வைத்தே தீர வேண்டுமானால், மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் காலை திறந்திருக்கும் வளையில் மட்டும் உள்ளே வைத்து மூடுங்கள். செத்த எலிகளைத் தினமும் பொறுக்கிப் புதையுங்கள்.

3. குருணை மருந்து: மண்ணின் மேல் கிடக்கும் குருணையைப் பறவை மணல் என்றோ விதை என்றோ எண்ணிக் கொத்திச் சாகும். சிந்திய இடத்தை மண்ணால் மூடுங்கள். காலி டப்பாக்களை வயலில் போடாதீர்கள்.

4. மயில்: மயிலால் நஷ்டம் உண்டு என்பதில் ஐயமில்லை. அதற்காக விஷ விதை வைக்கக் கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். அந்த விதை மயிலோடு நிற்காது. புறா, கோழி, ஆடு வரை போகும். நஷ்டத்தைப் பற்றி வனத்துறையிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

5. வேலி மரம்: வரப்போரப் பனை, வேலிக் கருவேல், வேம்பு ஆகியவற்றை முழுவதும் வெட்டிவிடாதீர்கள். கூகைக்கும் கீச்சானுக்கும் கரிச்சானுக்கும் அவையே வீடு.

செங்கல்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஊரார் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று கேட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அன்றைய கலெக்டர் லயனல் பிளேசிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. வயலில் நின்று பார்த்துத் தெரிந்து கொண்டார்கள்.

நாமும் அறுவடை முடிந்த பிறகு வாரத்தில் ஒருநாள், காலையில் அரைமணி நேரம் வரப்பில் உட்கார்ந்து பார்ப்போம். எந்தப் பறவை எங்கே இறங்குகிறது, என்ன செய்கிறது என்று கவனிப்போம். நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அதைவிடச் சரியாகச் சொல்பவர் கிடையாது.